இணையவழி வணிகமும் அமானிதமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியது. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நமதூர்க் கடைத்தெருவில் சிறுகடை நடத்தும் சகோதரர்கள் பலர், "இணையத்தில் கடை திறக்கலாமா? திறந்தால் நிலைக்குமா?" என்று கேட்டு வருகின்றனர். அதுபற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இமாமுக்கும் இணையக் கடைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு இரண்டு உண்டு. மதரஸாவில் நாங்கள் ஓதிய சட்ட நூல்களில் தொழுகை, நோன்புக்குரிய பாடங்களைப் போலவே 'கிதாபுல் புயூஃ' எனும் வணிகப் பாடமும் பெரிய பகுதியாகும். இது முதலாவது. இரண்டாவது, என் குடும்பத்தார் தொடங்கிய ஓர் இணையக் கடைக்கு நானே பெரும் நட்டத்தை உண்டாக்கினேன். ஓதிய பாடத்தை மறந்ததால் வந்த நட்டம் அது. ஆகவே அறிவுரை கூறுபவனாக நிற்காமல், தவறு செய்து திருந்தியவனாக உங்கள் முன் நிற்கிறேன்.

பத்தமடையில் நடந்தது

என் மூத்த சகோதரி, அதாவது என் லாத்தா, திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவ்வூரின் கோரைப்பாய் உலகறிந்தது. புவிசார் குறியீடும் பெற்றது. தாமிரபரணிக் கரையோரக் கோரைப் புல்லை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, நூலிழை போலக் கீறி, சாயமேற்றி, தரையில் விரித்த தறியில் நெய்கிறார்கள். முரட்டுப் பாய் விரைவில் முடிந்துவிடும். துணியைப் போல மடிக்கக்கூடிய மெல்லிய பட்டுப்பாய்க்கு வாரக் கணக்கில் உழைக்க வேண்டும். மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவது அவ்வூரின் தனிச்சிறப்பு. இத்தொழிலில் ஈடுபட்டோரில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்மணிகளே.

2020 ஆம் ஆண்டின் ஊரடங்கில் திருமணங்கள் சுருங்கின, கடைகள் அடைபட்டன, நெய்த பாய்கள் வீட்டிலேயே அடுக்கிக் கிடந்தன. பொறியியல் படித்த என் மருமகன், லாத்தாவின் மகன், மறு ஆண்டில் ஓர் இணையக் கடையை அமைத்தான். புகைப்படங்களை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மெருகேற்றினான். பொருள் விளக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேடைத் தமிழ் கைவந்தவன் என்ற பெருமிதத்தில் எழுதினேன்: எக்காலத்தும் சாயம் போகாது, தண்ணீர் பட்டாலும் கெடாது, ஈடு இணையற்றது என்றெல்லாம் எழுதித் தள்ளினேன். பாயை நெய்த லாத்தாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

முதல் மூன்று மாதங்களில் நாற்பது பாய்கள் சென்றன. பதினொன்று திரும்பி வந்தன. படத்தில் செக்கச் சிவந்திருந்த கரை நேரில் மங்கலாக இருந்தது என்றார் ஒருவர். ஆறடி என்று போட்டிருந்தீர்கள், மூன்று விரற்கடை குறைகிறதே என்றார் மற்றொருவர். சென்னையிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, ஈரத்தரையில் விரித்த பாயின் சாயம் தம் வீட்டு வெள்ளை விரிப்பில் ஏறிவிட்டது என்று அழாக்குறையாகச் சொன்னார்கள். லாத்தா அனைத்தையும் பொறுமையுடன் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பச் செய்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நெய்தது நான்தான் தம்பி, அதிலே இல்லாததை எழுதினது நீயல்லவா?" என்றார்கள்.

சபையோரே! மிம்பரில் நின்று வாய்மையைப் பற்றிப் பேசுகிறவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஈரத்தை மேலே வைத்தல்

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது நாம் அனைவரும் பலமுறை கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஓர் உணவு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் பட்டது. விற்றவர் மழையைக் காரணம் கூறினார். அந்த ஈரப் பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்ற கருத்தில் அண்ணலார் கண்டித்தார்கள். மழை பெய்தது அவருடைய குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றமாயிற்று.

இணையக் கடையின் சூட்சுமம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. நேரடிக் கடைக்கு வருபவருக்குக் குவியலுக்குள் விடுவதற்கு ஒரு கை இருக்கிறது. பாய்க் கடையில் அவர் என்ன செய்கிறார்? உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார், மடித்துப் பார்க்கிறார், புரட்டிப் பின்பக்கம் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், முழம் போடுகிறார், பிறகே விலை பேசுகிறார். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்காது. அந்தக் கையின் வேலையைக் கடைக்காரரே அவருக்காகச் செய்து காட்ட வேண்டும். எந்தக் கடை அதைச் செய்கிறதோ அது நிலைக்கிறது. செய்யாத கடையின் பொருள் போன வழியே திரும்பி வருகிறது.

நாங்கள் கடையை ஒரு மாதம் மூடி, திருத்தினோம். ஸ்டுடியோப் படங்களை நீக்கிவிட்டு, காலை வெளிச்சத்தில் வாசற்படியருகே பாயை விரித்து, கைப்பேசியிலேயே படம் எடுத்தோம். ஒவ்வொரு பாய்க்கும் முழுத்தோற்றம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஓரத்தையலின் அண்மைப்படம் ஒன்று, அளவுகோலை மேலே வைத்து ஒன்று, மடித்த நிலையில் ஒன்று. சாயம் ஏறக்குறைய விழுந்த இடம் இருந்தால் அதற்கும் ஒரு படம்.

விளக்கத்தை இம்முறை லாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோரை இயற்கைப் புல்லாதலால் பாய்க்குப் பாய் நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும். கையால் நெய்வதால் நீளத்தில் ஓரங்குலம் கூடலாம், குறையலாம். முதல் சில நாட்கள் புல்லின் மணம் வரும். ஈரத்தரையில் விரிக்கக் கூடாது. விரித்தால் சாயம் கசியும், பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் நெடுநேரம் போட்டால் நிறம் மங்கும். இவை எல்லாவற்றையும் விலைக்கு நேர் கீழே போட்டோம். இதைப் படித்தபின் எவர் வாங்குவார் என்று என் மருமகன் அஞ்சினான்; நானும் அஞ்சினேன். ஆனால் வாங்கினார்கள், திரும்பி வருவது மாதத்துக்கு ஒன்று அல்லது அதுவும் இல்லை என்றாயிற்று. குறையை முன்கூட்டிச் சொல்பவர் நிறையைச் சொல்லும்போதும் உண்மையே சொல்வார் என்று மக்கள் கருதுகிறார்கள்.

ஓதிய பாடம் கூறுவது

நம் முன்னோர்களான சட்ட வல்லுநர்கள் இணையத்தைக் கண்டதில்லை. ஆயினும் கண்ணால் காணாத பொருளை வாங்குவது பற்றி நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். காணாமல் வாங்கியவர் கண்டபின் வேண்டாம் என்று கூறும் உரிமையை ஹனஃபி மத்ஹபில் 'கியாருர் ருஃயத்' என்பர். குறை தெரிந்தால் திருப்பும் உரிமை 'கியாருல் ஐப்'. இன்று இணையக் கடைகளில் 'ரிட்டர்ன் பாலிசி' என்று எழுதி வைப்பதன் வேர் இத்தகைய நியாயமே. எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பும் அஞ்சல் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் வாங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

செய்து தரச் சொல்லும் ஒப்பந்தத்துக்கு 'இஸ்திஸ்னாஃ' என்று பெயர். பொருளின் வகை, அளவு, தன்மை ஆகியவை ஐயமறக் கூறப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதிலும் நாங்கள் அடிபட்டோம். ஒரு மணமகனின் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று விடுபட்டுவிட்டது. தொலைபேசியில் காதால் கேட்டு எழுதியதன் விளைவு. வாரக் கணக்கான உழைப்பு வீணாயிற்று. அந்தப் பாய் இன்றும் லாத்தா வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கிறது. அன்று முதல் பெயரையும் தேதியையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வந்தபின்பே தறியில் கை வைக்கிறார்கள். பெயர் பொறித்த பாயைப் பிறருக்கு விற்க இயலாது. ஆகவே எங்கள் பிழை இருந்தாலன்றித் திருப்ப இயலாது என்பதையும் முன்னரே அறிவிக்கிறார்கள்.

மூன்றாவது, 'நஜ்ஷ்'. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரைத் தூண்டுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பது. இதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உறவினரையும் நண்பரையும் விட்டுத் தம் கடைப் பொருளுக்கு ஐந்து நட்சத்திரமும் பாராட்டும் போடச் செய்வது இதன் மறுவடிவம் என்றே நான் கருதுகிறேன். "இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அவ்வாறே. நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கிறது. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நுகர்வோரைப் போல வேடமிட்டுப் போலி மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் பொய் அவசரம், கேளாமலே கூடையில் பொருளைச் சேர்த்தல், இறுதிக் கட்டத்தில் விலையை ஏற்றுதல் உள்ளிட்ட பதின்மூன்று ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டுத் தடுத்துள்ளன.

கடையை எங்கே அமைப்பது?

வழிகள் மூன்று உள்ளன. அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற பெருஞ்சந்தைகளில் இடம்பிடிப்பது ஒன்று. அங்கே கூட்டம் உண்டு. ஆனால் கட்டணமும் போட்டியும் உண்டு. வாடிக்கையாளர் சந்தையை நினைவில் வைப்பாரேயன்றி உங்களை அன்று. இரண்டாவது, சொந்த இணையதளம். வேர்ட்பிரஸ் மென்பொருளுடன் இணைந்து இயங்கும் வூகாமர்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. தளத்துக்கான இடத்துக்கும் முகவரிக்கும் மட்டும் ஆண்டுக் கட்டணம் வரும். மாதக் கட்டணத்தில் ஷாப்பிஃபை போன்றவை உள்ளன. 2004 ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் டோபியாஸ் லூட்கே என்பவர் நண்பருடன் சேர்ந்து பனிச்சறுக்குப் பலகை விற்க ஓர் இணையக் கடை வைத்தார். தக்க மென்பொருள் கிடைக்காததால் தாமே எழுதினார். அம்மென்பொருளே 2006 இல் ஷாப்பிஃபை ஆயிற்று. அதுவும் ஒரு சிறுகடையிலிருந்து பிறந்ததே. மூன்றாவது, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியல் வைத்து, தெரிந்தவர் வட்டத்தில் விற்பது. இதற்குச் செலவில்லை.

என் ஆலோசனை இதுதான்: மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். ஐந்து பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். மாதந்தோறும் விற்பனை நிலைத்தபின் சொந்தத் தளம் அமையுங்கள். அப்போது ஒன்றை மறவாதீர்கள். தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் தம் பெயரில் பதிந்துகொண்டதால், அவர் ஊரை விட்டுப் போனதும் கடையையே இழந்த ஒரு சகோதரரை நான் அறிவேன்.

கணக்கு

வணிகத்தில் கணக்குத் தவறினால் நல்லெண்ணம் மட்டும் காப்பாற்றாது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கூறுகிறேன். பாயின் விற்பனை விலை 1,200 ரூபாய் என்று கொள்வோம். நெசவுக் கூலியும் பொருளும் 750, கட்டுமானத்துக்கு 40, கூரியருக்கு 140, பணம் செலுத்தும் சேவைக்கு 2 விழுக்காடும் அதன்மேல் வரியும் சேர்த்து ஏறத்தாழ 28, விளம்பரத்துக்கு 100. மொத்தம் 1,058. மிஞ்சுவது 142 ரூபாய். இப்போது 'கேஷ் ஆன் டெலிவரி' முறையில் அனுப்பிய ஒரு பாயை வாங்க மறுத்துத் திருப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். போக 140, வர 140, கட்டுமானம் 40, விளம்பரம் 100. ஆக 420 ரூபாய் போயிற்று. மூன்று பாயின் இலாபத்தை ஒரு பாய் தின்றுவிட்டது! இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே, முன்பணம் செலுத்துவோருக்குச் சிறு தள்ளுபடி அளித்து, வீட்டில் பணம் தரும் முறையை என் மருமகன் நிறுத்தினான்.

கூரியரிலும் ஒரு நுட்பம் உண்டு. எடை குறைவாயினும் இடத்தை அடைக்கும் பொருளுக்கு, நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண்ணையே பல நிறுவனங்கள் கிலோவாகக் கொள்கின்றன. 91 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் பருமனும் உள்ள பாய்ச் சுருள் இவ்வகையில் 2.6 கிலோ ஆகிறது. தராசில் அதைவிடக் குறைவாகவே நிற்கும். இன்னும் இறுக்கிச் சுருட்டி 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 1.8 கிலோவாகக் குறைந்துவிடும். கட்டும் முறையிலேயே இலாபம் இருக்கிறது.

வரியைப் பொறுத்தவரை, சரக்கு விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்ற சலுகை மாநிலத்துக்குள் விற்பதற்கே பொதுவாகப் பொருந்தும். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் நிலைமை மாறும். கைவினைப் பொருட்களுக்குத் தனி விலக்குகளும் உண்டு. உங்கள் பொருளுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிந்த பின்பே தொடங்குங்கள். தின்பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறுவது கட்டாயம்.

விழிப்புடன் இருக்க வேண்டியவை

பணம் அனுப்பிவிட்டதாகப் போலிப் படத்தைக் காட்டுவோர் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்ந்ததைக் கண்ணால் காணாமல் பொருளை அனுப்பாதீர்கள். "இந்தக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், உங்களுக்குப் பணம் வரும்" என்பார்கள். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண் கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று பொருள். வீட்டிலிருந்து விற்கும் நம் பெண்மணிகள் இதை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அதேபோல, வாங்கியவரின் கைப்பேசி எண்ணும் முகவரியும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை வேறொரு வணிகருக்குக் கொடுப்பதும், பொருள் சென்ற பின்னும் வேண்டாத செய்திகளை அனுப்பிக்கொண்டிருப்பதும் அமானிதத்துக்குச் செய்யும் மோசடியாகும்.

நிறைவாக

லாத்தாவின் கடை இன்று பெருஞ்செல்வம் ஈட்டிவிட்டது என்று கூறினால் அது நான் முன்பு எழுதிய விளம்பரத்தைப் போலாகிவிடும். மாதத்துக்கு இருபத்தைந்து, முப்பது பாய்கள் போகின்றன. திருமணக் காலத்தில் சற்றுக் கூடுதல். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அதனால் வேலை கிடைக்கிறது. வாங்கியவர்களில் பலர் மகள் திருமணத்துக்கும் மருமகள் வரவுக்கும் மறுமுறை வாங்குகிறார்கள். சாயம் ஒட்டியதென்று அன்று வருந்திய சென்னை அம்மையார், சென்ற ஆண்டு தம் பேத்தியின் திருமணத்துக்குப் பெயர் பொறித்த பாய் கேட்டு மீண்டும் அழைத்தார்கள். விவரம் கேட்டபோது, "அன்றைக்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பணத்தைத் திருப்பினீர்களே" என்றார்களாம். அந்தப் பாயை லாத்தா தம் கையாலேயே நெய்தார்கள்.

கடை திறக்க எண்ணும் சகோதரர்களே! மென்பொருளை எவரும் ஒரு வாரத்தில் அமைத்துத் தருவார். உங்கள் பொருளின் ஈரம் எங்கே இருக்கிறது என்பதை உங்களையன்றி எவரும் எழுத முடியாது. அதை முதலில் எழுதுங்கள். பிறகு படம் எடுங்கள். பிறகு கடையைத் திறவுங்கள். உதவி வேண்டுவோர் ஞாயிறுதோறும் மஃரிபு தொழுகைக்குப் பின் மதரஸாக் கூடத்துக்கு வாருங்கள். மருமகன் ஊருக்கு வரும் நாட்களில் அவனும் இருப்பான். மற்ற நாட்களில் நான் இருப்பேன். விளக்கம் எழுத உதவுகிறேன். ஆனால் இனி பொருளைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வரியும் எழுத மாட்டேன்.

நம் சம்பாத்தியத்தில் ஹலாலையும் பரக்கத்தையும், நம் சொல்லில் வாய்மையையும், நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.